அப்பாவுக்கு மார்ஃபின்: வீட்டில் கொடுப்பவர்களுக்குச் சில வழிமுறைகள்

எங்கள் அப்பாவுக்கு எலும்பு வரை பரவிய புற்றுநோய். புதுச்சேரியில் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அதை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் நான். நர்ஸ் இல்லை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதையும் நான் பட்டதையும் எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் டாக்டர் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தோம், வலி பத்துக்கு எத்தனை, வெளிக்குப் போனாரா? இந்த மூன்றும் போதும். அப்பாவின் சீட்டில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று இருந்தது. இரவு வேளை மட்டும் இரண்டு மடங்கு, நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க. வலி வந்தபிறகு கொடுத்தால் போதாதா என்று முதல் வாரம் நினைத்தேன். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். வலியை ஏற விட்டுவிட்டால் அப்புறம் இறக்குவது பெரும்பாடு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தபிறகுதான் எனக்குப் பயம் போனது. நரம்பு செல்களின் மேல் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலியடக்கிகள் வந்து சேரும் இடம் அது. அப்படி ஒன்று இருப்பதை 1973-ல்தான் ஆய்வகத்தில் காட்டினார்கள். மார்ஃபின் அதில், முக்கியமாக மியூ என்ற வகையில், போய் உட்கார்ந்தால் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு வலிச்செய்தியைக் கடத்துவது குறைந்துவிடும். கட்டி எலும்பில் இருந்த இடத்தில்தான் இருக்கும். செய்தி தண்டுவடத்திலும் மூளையிலும் அமுங்கிப் போகும்.

இதே ஏற்பி குடலிலும் இருப்பதுதான் தொல்லை. குடல் மந்தமாகிவிடும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால் முதல் மார்ஃபின் மாத்திரையோடு பேதி மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். வாழைப்பழத்தை நம்பி ஐந்து நாள் ஓட்டினோம், அப்பா பட்ட பாடு போதும்.

அடுத்தது, மருந்து பழகிப்போவது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இருப்பவர்களுக்குக் கருவாட்டு வாடை தெரிவதில்லை, நமக்குத்தான் மூக்கைத் துளைக்கும். அதுபோலத்தான் இதுவும். மார்ஃபின் தினமும் வந்துகொண்டிருந்தால் ஏற்பிகளுக்குச் சொரணை குறையும், சிலவற்றைச் செல்லே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் வலி கூடியதும் மருந்து பழகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், நோய் வளர்ந்திருக்கலாம். நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

2024 நவம்பர் 30-ல் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்களால் மருந்து வாங்கப் போக முடியவில்லை, டப்பா காலி. மறுநாள் அப்பாவுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், கையெல்லாம் புல்லரிப்பு. மழைக் குளிர் என்று போர்வையைப் போர்த்தினோம். நாலு தடவை வயிறு போனபோது, மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தவருக்கு வழி பிறந்ததே என்று சந்தோஷப்பட்டேன், என் புத்தி! மருந்து நின்றதால் வந்த கோளாறு அது. மார்ஃபின் அமுக்குவதை ஈடுகட்ட செல்கள் உள்ளே வேலையைக் கூட்டி வைத்திருக்கும். மருந்து நின்றாலும் அந்த வேகம் உடனே குறையாது. சிக்கிய கடை ஷட்டரை முழுப் பலத்தோடு தூக்கும்போது சிக்கல் சட்டென்று விட்டால் ஷட்டர் படாரென்று மேலே போய் அடிக்கும் இல்லையா, அந்தக் கதை.

இதைப் பார்த்துச் சித்தப்பா, "பார்த்தியாம்மா, அண்ணனைப் போதைக்கு அடிமையாக்கிட்டீங்க" என்றார். போதைக்காக ஏங்குவது, கெடுதல் என்று தெரிந்தும் தேடி அலைவது வேறு. அப்பா வேளைக்கு ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுத் தினத்தந்தி படித்தவர். உடம்பு சார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதனால் திடீரென்று நிறுத்தாதீர்கள், நிறுத்த வேண்டுமென்றாலும் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்புங்கள். இடையில் நின்றுபோனால் பழைய அளவை அப்படியே ஆரம்பிக்காமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழக்கம் இறங்கியிருக்கும், பழைய அளவு அதிகமாகிவிடலாம்.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகி விட்டுவிட்டு வருகிறது, கண்மணி குண்டூசித் தலைபோலச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. மூச்சை நடத்தும் மூளைப்பகுதியிலும் இதே ஏற்பிகள்தான். சாராயம், தூக்க மாத்திரை எதுவும் கூடச் சேரக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மருந்தின் கழிவு உடம்பில் தேங்கும்.

டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்கா மூட்டுவலிக்கு ஒன்றே ஒன்று கேட்டார். அப்பாவுக்குப் பழகிய அளவு, பழகாத உங்களுக்கு மூச்சை அடைத்துவிடும்க்கா என்று சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.