நூலகவியல் படித்தால் வேலை எங்கே? பாடாங் செராயிலிருந்து ஒரு வழிகாட்டி

நூலகவியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது "எந்த வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தீர்கள்?" என்பதுதான். கல்லூரிக் கையேட்டைப் பார்த்திருப்பார்கள், கட்டணம் விசாரித்திருப்பார்கள், விளம்பரத்தை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் எதிலாவது சேர்த்துவிட வேண்டும் என்ற பெற்றோரின் பதற்றம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தோட்டத்துச் சம்பளத்தில் படிக்க வைக்கும் வீட்டில் தவறான படிப்புக்குச் செலவழித்த பணம் திரும்ப வராது. அதனால் வேலையிலிருந்து தொடங்குங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் படிப்புக்கு வாருங்கள்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலையைத் தொடங்கி, பிறகு கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையின் ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனேன். நூலகத்தில் கற்றதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஆனால் அதில் பாதி வேலைகளின் பெயரில் 'நூலகம்' என்ற சொல்லே இருக்காது.

முதலில் பாதை

இந்த நாட்டில் 1968 முதல் நூலகவியல் கற்பித்து வரும் இடம் இன்றைய மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூ.ஐ.டி.எம். அங்கே டிப்ளோமாவும் இளங்கலையும் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானவை. ஆகவே நம் பிள்ளைகள் பெரும்பாலும் வேறொரு பட்டம் முடித்துவிட்டு முதுகலை வழியாகத்தான் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் 1987 முதல் நூலக, தகவல் அறிவியல் முதுகலையை நடத்துகிறது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. இதைச் சுற்றுவழி என்று நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். வேதியியல் படித்துவிட்டு வந்த நூலகருக்கு ஆய்வுக்கூடத்து ஆவணம் புரியும், இந்திய ஆய்வியல் படித்துவிட்டு வந்தவருக்குத் தமிழ் நூலைப் பட்டியலிடத் தெரியும். முதல் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இணைப்பையும் யோசித்துவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் நூலகராக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் நூலகமான வளமையத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓர் ஆசிரியர். 'குரு பெர்புஸ்தகான் டான் மீடியா' என்பது ஆசிரியர் பதவி. அதற்கு ஆசிரியப் பயிற்சிதான் வழி, நூலக முதுகலை மட்டும் போதாது.

அரசு நூலகப் பதவிகளுக்கு அரசுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது. பழைய விளம்பரங்களில் நூலகர் பதவி எஸ்41 என்றும் உதவி நூலகர் எஸ்29 என்றும் இருக்கும். 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்தபின் அவை எஸ்9, எஸ்5 ஆகிவிட்டன. இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

விளம்பரத்தை எப்படி வாசிப்பது

ஜாப்ஸ்ட்ரீட்டிலும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் 'லைப்ரரியன்' என்று மட்டும் தேடினால் சில விளம்பரங்கள்தான் வரும். அதோடு நிறுத்தாமல் 'டாக்குமென்ட் கன்ட்ரோலர்', 'ரெக்கார்ட்ஸ்', 'மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்', 'டேட்டா கவர்னன்ஸ்', 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' என்றும் தேடுங்கள். கூலிம், சுங்கை பட்டாணி, பினாங்கு என்று இடத்தையும் குறிப்பிடுங்கள். கிடைக்கும் விளம்பரங்களை எக்செலில் ஒரு வரிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். பதவிப் பெயரை விட்டுவிட்டு, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் தனி நெடுவரிசையில் எழுதுங்கள்: வகைப்படுத்து, எண் கொடு, பழையதை அப்புறப்படுத்து, தணிக்கைக்குத் தயார் செய், அறிக்கை எடு, பயனருக்குக் கற்றுக்கொடு. பக்கத்தில் கேட்கப்பட்ட மென்பொருள், அதற்கடுத்து மொழி. முப்பது நாற்பது விளம்பரம் சேர்ந்ததும் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒன்று பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அதை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும்.

என் தொழிற்சாலை வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக் குறிப்புக்கும் ஓர் எண், திருத்த எண், நடைமுறைக்கு வரும் தேதி உண்டு. புதிய திருத்தம் வந்ததும் பழைய பிரதி தொழிற்சாலைத் தளத்திலிருந்து அன்றைக்கே திரும்ப வர வேண்டும். யாரிடம் எந்தப் பிரதி இருக்கிறது என்று ஒரு தலைமைப் பட்டியல் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 தரத்தின் 7.5-ஆவது பிரிவு கேட்பது இதைத்தான். நூலகவியல் படித்தவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? சேர்க்கைப் பதிவேடு, பதிப்பு, இரவல், பழைய நூல் நீக்கம் எல்லாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் நேர்முகத் தேர்வில் "நான் டியூயி பகுப்பு படித்திருக்கிறேன்" என்று நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையைச் சொன்னால் தொழிற்சாலை மேலாளருக்கு ஒன்றும் விளங்காது. "ஒரே ஆவணத்தின் இரண்டு திருத்தங்கள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்கார்வார்.

தோட்டத்து ஆபிசிலும் இப்போது இதே தேவைதான். முன்பு கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலை (ஆள்வரவுப் பதிவேட்டை) எழுதி வைத்தால் போதும். செம்பனைக்கு எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமானது. எந்த வயலில் எவ்வளவு உரம், எந்த மருந்து, யாருக்கு என்ன பயிற்சி என்று தணிக்கையாளர் கேட்டால் ஆவணத்தை எடுத்துக் காட்ட வேண்டும். ஆயில் மில்லில் ஆவண வேலை என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது வருத்தம். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் தகவல் வேலை அது.

பெயர் என்னும் பெரிய பாடம்

நூலகவியலில் எதை ஆழமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பெயர்க் கட்டுப்பாடு என்பேன். ஒரே ஆள் பல எழுத்துக்கூட்டலில் வந்தாலும் ஒரே ஆளாக அடையாளம் காணும் கலை அது. நம் சமூகத்துக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் 'ஐ'யில் முடிப்பார், இன்னொருவர் 'ஒய்'யில் முடிப்பார், மூன்றாமவர் நடுவிலும் ஒரு 'ஒய்' சேர்ப்பார். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) என்று தந்தை பெயர்தான் பின்னால் வருகிறது. வெளிநாட்டு மென்பொருளோ கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும். எழுத்தர் அங்கே தந்தை பெயரைப் போட்டுவிடுவார். அதன்பின் மகளைத் தேடினால் அப்பா பெயரில்தான் கிடைப்பார். மருத்துவப் பதிவில் இது நடந்தால் ஒருவருக்கே இரண்டு கோப்பு உருவாகி, ஒன்றில் இருக்கும் ஒவ்வாமைக் குறிப்பு மற்றதில் இல்லாமல் போகலாம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு கூட்டல், அடையாள அட்டையில் வேறொரு கூட்டல் என்று அலைந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! இதைச் சரிசெய்யத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர் மருத்துவமனைப் பதிவுப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ இருந்தால் அது அந்த நிறுவனத்துக்கே பலம்.

இதற்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒன்றுபோல் தெரியும் கூட்டல்களை அது கொத்தாகச் சேர்த்துக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நீங்கள்தான். எழுத்தை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் சரிபார்த்த பிறகே சேருங்கள்.

கையில் ஒரு வேலையோடு போங்கள்

அனுபவம் இல்லாதவருக்கு வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் அனுபவம் வராது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நம் ஊரிலேயே வேலை கிடக்கிறது. தோட்டத்துக் கோயிலில் அலமாரி நிறைய புத்தகம் இருக்கும், கும்பாபிஷேக மலர்கள் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் பட்டியலிடாத நூல்கள் இருக்கும். தலைவரிடமோ தலைமையாசிரியரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருநூறு நூல் போதும்.

கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவிப் பாருங்கள். நியூசிலாந்தில் 1999-இல் உருவானது, இலவசம், தமிழ் யுனிகோடை ஏற்கும். அதில் நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 முறைப்படி பதியுங்கள்: ஆசிரியர் 100-ஆம் புலத்தில், தலைப்பு 245-இல், பொருள் 650-இல். ரோமன் எழுத்துப் பதிவுக்கு இணையான தமிழ் எழுத்துப் பதிவை 880-ஆம் புலத்தில் கொடுக்கலாம். தமிழ் இலக்கியத்துக்கு டியூயி எண் 894.811, அதில் புனைகதை 894.8113. பதிந்து முடித்ததும் அறிக்கைப் பகுதிக்குப் போய் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் எழுதிக் கேள்வி கேளுங்கள்: ஆண்டு இல்லாத பதிவுகள் எத்தனை, மலேசியாவில் பதிப்பித்தவை எத்தனை? விளம்பரங்களில் எஸ்.க்யூ.எல். என்று பார்த்துப் பயந்த பிள்ளைகள் இந்த வழியில் பயம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். சொந்த ஊர்ப் புத்தகங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது கட்டளை மனதில் நிற்கிறது.

மலர்களை ஸ்கேன் செய்தால் 300 டி.பி.ஐ.க்குக் குறைக்காதீர்கள். மூலப்படியை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு வாசிப்பதற்குப் பி.டி.எஃப். தனியாக எடுங்கள். கோப்புப் பெயரில் இடம், ஆண்டு, பக்கம் மூன்றும் இருக்கட்டும். பழைய கணினிக் கோப்பாகவே மலர் கிடைத்தாலும் சிக்கல் உண்டு. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், தேடவும் முடியாது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து யுனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்த நாட்டில் இருக்கும் நாம் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? ஆனால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடக் கூடாது. நம் நாட்டில் ஓர் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. நன்கொடையாளரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் பக்கங்களையும் வெளியிட வேண்டாம்.

தனிநபர் தரவு என்றதும் இன்னொன்று. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று முடிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு அதனால் வேலை கூடும். அரசுப் பதிவுகள் என்றால் 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தையும் படியுங்கள்.

பாடம் நடத்துபவர்களுக்கு

இதைப் படிக்கும் விரிவுரையாளர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். தொழிற்பயிற்சிக்கு மாணவர்களை நூலகங்களுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சிலரைத் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் தோட்ட நிர்வாக அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "என்ன கற்றாய்?" என்பதோடு "வகுப்பில் நடத்தாத எது அங்கே தேவைப்பட்டது?" என்றும் கேட்டு, அந்தப் பதிலை அடுத்த தவணைப் பாடத்தில் சேருங்கள். பகுப்பு, பட்டியலாக்கம் பழைய பாடம் என்று வெட்டிவிட்டு மென்பொருள் பெயர்களால் நிரப்புவதை நான் ஏற்க மாட்டேன். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. தொழிற்சாலைத் தளத்தில் வேலைக் குறிப்பைத் தேடி நிற்கும் ஆபரேட்டருக்கும் அதே விதிதான். அந்த விதியைத் தேர்வுக்கு ஒப்பிக்க வைக்காமல், ஒரு கோப்பைத் தேடி எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மாணவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது இரண்டு தாள் போதும். ஒன்றில் கோயில் அலமாரிப் பட்டியல் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற ஒரு பக்கம். மற்றதில் அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நீங்கள் செய்து முடித்த ஒன்று. எதிரே எழுத ஒன்றும் இல்லாத வரியை வெறுமையாகவே விடுங்கள். அதை எப்போது, எங்கே கற்கப்போகிறீர்கள் என்று பென்சிலில் எழுதி, கேட்டால் சொல்லுங்கள். அந்தத் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்து, முதல் நாள் இரவு வீட்டில் வாய்விட்டு இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள்.