தஞ்சையும் சோழர் கோயில்களும்: உச்சி வெயிலில் போய் நிற்காதீர்கள்

சென்ற சித்திரையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். மணி ஒன்று. அப்பா குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு கல்தரையில் குதித்துக் குதித்து ஓடினார். அம்மா புல்தரையை விட்டு இறங்கவே இல்லை. பாட்டி காரிலேயே இருந்துவிட்டார். நடை சாத்தியாகிவிட்டது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

மரத்தடியில் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே கல்லில் அதே குதியைக் குதித்தவன் நான். அதற்குப் பிறகு நண்பர்களையும் உறவினர்களையும் எத்தனையோ முறை இந்தக் கோயில்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். தண்ணீர் எடுத்துப் போங்கள், தொப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். இங்கே வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

ஒரே நாளில் மூன்று கோயில்

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன. மூன்றும் ஒரே பட்டியலில் இருப்பதால், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. வரைபடத்தைப் பார்த்தாலும் முடியும் போலத்தான் இருக்கும். தஞ்சையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் இன்னும் 35. தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது.

நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து அத்தை வந்திருந்தார். கங்கைகொண்ட சோழபுரத்து லிங்கம் 13 அடி உயரம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகளாக ஆசைப்பட்டவர். காலையில் பெரிய கோயில், பத்தரைக்குத் தாராசுரம், மதியத்துக்குள் கங்கைகொண்ட சோழபுரம் என்று திட்டம். பெரிய கோயிலில் ஒரு மணி நேரம் கூடுதலாகிவிட்டது. கும்பகோணத்தில் காபிக்கு நிறுத்தியது இன்னொரு அரைமணி. அணைக்கரைப் பாலம் கடந்து போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியிருந்தார்கள், இனி நாலு மணிக்குத்தான் என்றார் வாசலில் பூ விற்றவர். காரை மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அத்தை சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பரவாயில்லடா, இன்னொரு தடவை வந்தாப் போச்சு" என்றார். அந்த இன்னொரு தடவை அவருக்கு அமையவில்லை.

அங்கே வடக்குப் படிக்கட்டருகே, சண்டேசர் என்ற அடியாருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அன்று அதைப் பத்து நொடி பார்த்திருப்பேன்; அதில் ஐந்து நொடி கால் மாற்றி நிற்பதிலேயே போயிற்று. சித்திரையில் இந்தப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். வடக்குச் சுவர்தானே, நிழல் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாறுவீர்கள்.

இப்போது நான் செய்வது இப்படி. தங்குவது கும்பகோணத்தில். முதல் நாள் இருட்டோடு கிளம்பி, நடை திறந்த கையோடு கங்கைகொண்ட சோழபுரம். போகும் வழியில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வரும். அங்கே வண்டியைச் சற்று நிறுத்துவேன். 1836இல் இந்த அணையைக் கட்டியபோது அந்தக் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்து வந்தார்கள். மதில் ஏன் அப்படிச் சிதைந்து கிடக்கிறது என்று கோயிலுக்குள் போன பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். பத்து மணிக்குத் திரும்பினால் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மேல் தாராசுரம். பெரிய கோயில் மறுநாள், அதுவும் மாலையில்.

ஒரு நாள் கூடுகிறது, அறை வாடகை கூடுகிறது என்பார்கள். கூடட்டும். ஒரே நாளில் முடித்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், கார் ஓட்டுநரின் பெயரைத்தான் சொல்வார்கள்.

நிழல் விழாத கோபுரம்

பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும். போய்ப் பாருங்கள்.

பெரிய நந்தியை ராஜராஜன் கணக்கில் எழுதுவது

பெரிய கோயிலில் இருக்கும் அந்த நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சந்நிதியும் அப்படியே.

சுவரைப் படிக்காமல் திரும்புவது

பெரிய கோயிலில் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, அண்ணாந்து பார்க்கிறார்கள், உள்ளே போய்க் கும்பிடுகிறார்கள், வெளியே வந்து படம் எடுக்கிறார்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் எழுத்தை விட்டுவிடுகிறார்கள். கோயில் 1010இல் முடிந்தது. தான் கொடுத்ததையும் அக்கன் குந்தவை கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். கோயில் பணிக்கு அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது ஆடல் மகளிரின், பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண் வரை அங்கே இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

எல்லோராலும் வாசித்துவிட முடியாதுதான்; நானே தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறேன். சாய்ந்த வெயிலில் போனால் பாதி வேலை மிச்சம். வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும்போது வெட்டிய கோட்டில் நிழல் தங்கி, எழுத்து எழுந்து நிற்கும். ஒரு 'ன'வையோ 'ர'வையோ அடையாளம் கண்டுகொண்ட குழந்தை அதற்குப் பிறகு சுவரை விட்டு நகராது. மாலையில் போகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மராத்தியர் 1803இல் வெட்டிய நீண்ட கல்வெட்டும் இதே கோயிலில் இருக்கிறது. தேவநாகரியைக் கண்டவுடன் யாரோ அண்மையில் எழுதியது என்று நகர்ந்துவிட வேண்டாம். தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே குலத்தின் வரலாறு அது.

செப்புத்திருமேனிகளைக் கோயிலில் தேடுவது

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கேதான் இருக்கிறார். 1011இல் செய்தது. சாய்ந்து நிற்க ஒரு காளை இருந்தது. அது இப்போது இல்லை. கை மட்டும் அந்தரத்தில் காளையின் முதுகைப் பிடித்திருக்கிறது. பெரிய கோயிலுக்கு முந்தைய நடுப்பகலைக் கழிக்க, தலைக்கு மேல் கூரையுள்ள இதைவிட நல்ல இடம் தஞ்சையில் எனக்குத் தெரியாது.

ஐப்பசிப் பௌர்ணமியில் சிற்பம் பார்க்கப் போவது

அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். சாமி கும்பிடப் போங்கள். சிற்பம் இன்னொரு நாள்.

தாராசுரத்தில் நின்றுகொண்டே பார்ப்பது

ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தை எல்லோரும் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பிகள் அசல் வேலையைக் கீழே வைத்திருக்கிறார்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி 63 நாயன்மார்களின் கதைகள், சின்னஞ்சிறு சிற்பங்களாக, பெயர் பொறித்து. நின்றால் தெரியாது, உட்கார வேண்டும். போன முறை நண்பரின் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணப்பரைக் கண்டுபிடித்தவள், அடுத்தது யார், அதற்கடுத்தது யார் என்று ஒவ்வொரு சிற்பமாக நகர்ந்துகொண்டே போனாள். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னபோது பாதிச் சுற்றுதான் முடிந்திருந்தது.