தனிவட்டியும் கூட்டு வட்டியும்: ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம்

சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று இருந்த எனக்கு, ஒரு கடனுக்கு வந்த வட்டிக் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்த நாளில்தான் கூட்டு வட்டி முழுமையாகப் புரியவில்லை என்பது தெரிந்தது. அன்று நான் சறுக்கிய இடம் மூன்றாம் படி. அசல், வட்டி வீதம் ஆகியவற்றுக்கு இங்கு விளக்கம் தரப்போவதில்லை.

முதற்படி: அசல் 10,000, வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, காலம் 3 ஆண்டுகள் என்று கொள்வோம். தனிவட்டியில் எத்தனை ஆண்டானாலும் தொடக்க அசலுக்கு மட்டுமே வட்டி என்பதால், ஆண்டுக்கு 1,000 வீதம் 3,000 சேர்ந்து 13,000 ஆகிறது.

இரண்டாம் படி: அதே தொகைக்குக் கூட்டு வட்டியைச் சூத்திரம் இல்லாமல் ஆண்டுவாரியாக எழுதுங்கள். முதலாண்டு வட்டி 1,000 அசலோடு சேர்ந்து இருப்பு 11,000 ஆகும். அடுத்த ஆண்டு வட்டி 1,100, இருப்பு 12,100. மூன்றாம் ஆண்டு வட்டி 1,210, இருப்பு 13,310. கூடுதலாக வந்த 310 முழுவதும் வட்டிக்குக் கிடைத்த வட்டியே. முதலாண்டில் இரண்டு முறைக்கும் வேறுபாடே இல்லை என்பதையும் கவனியுங்கள். 20 ஆண்டுகள் விட்டுவைத்தாலோ தனிவட்டியில் 30,000, கூட்டு வட்டியில் ஏறத்தாழ 67,275.

மூன்றாம் படி: ஆண்டு வட்டி 12 விழுக்காடு, ஆனால் மாதந்தோறும் அசலுடன் சேர்க்கப்படுகிறது என்றால் என்ன செய்வது? கூட்டு வட்டிச் சூத்திரம் அசல் × (1 + வீதம்)^காலம்; இதில் காலம்தான் அடுக்கு. 12 மாதங்கள் என்பதற்காக அடுக்கில் 12 போட்ட நான், வீதத்தை மாற்ற மறந்து 12 விழுக்காடாகவே விட்டுவிட்டதால், ஓராண்டில் 10,000 என்பது 38,960 ஆகி நின்றது. பதறிப்போய் வீதத்தை 1 விழுக்காடாக்கி, அடுக்கையும் 1 என்று மாற்றியபோது 10,100 தான் வந்தது. வீதத்தை 12ஆல் வகுத்தால் காலத்தை 12ஆல் பெருக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். அப்படிச் செய்தால் 1.01ஐ 12 முறை பெருக்கி, 11,268 என்ற சரியான விடை கிடைக்கும். அதாவது, சொல்லப்பட்ட 12 விழுக்காடு உண்மையில் 12.68 விழுக்காடாக வேலை செய்கிறது.

அதற்காக, அடிக்கடி சேர்க்கச் சேர்க்கத் தொகை எல்லையின்றி ஏறிவிடாது. 100 விழுக்காடு வட்டியை நொடிக்கு நொடி சேர்த்தாலும் ஓராண்டில் அசல் சுமார் 2.718 மடங்கைத் தாண்டாது. சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி 1683இல் ஆராய்ந்த கேள்வி இதுதான்.

இணையத்தில் கிடைக்கும் வட்டிக் கணிப்பான்களை நான் விரும்புவதில்லை. அவை பெரும்பாலும் விடையை மட்டும் காட்டுவதால் பிழை எந்த மாதத்தில் நுழைந்தது என்று தெரியாது. எக்செல்லில் தொடக்க இருப்பு, வட்டி, இறுதி இருப்பு என மூன்று பத்திகள் போதும். இடையில் எங்கும் எண்களை அருகிலுள்ள முழு எண்ணாக மாற்ற வேண்டாம்.

பிற்சேர்க்கை: இரண்டரை ஆண்டுக்கு விடை பொருந்தவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். முதற்படியின் அசலையும் வீதத்தையும் கொண்டு அடுக்கில் 2.5 போட்டால் சுமார் 12,691 வரும். பாடப்புத்தக முறையோ முழு ஆண்டுகள் இரண்டுக்கும் கூட்டு வட்டி கண்டு, கிடைத்த 12,100க்கு எஞ்சிய அரையாண்டுக்குத் தனிவட்டி சேர்ப்பது. அதில் 12,705 வரும். அவர் முதல் வழியில் கணக்கிட்டிருந்தார், அவரிடம் இருந்த விடை இரண்டாம் வழியில் வந்தது.