கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கோட்டைவிடும் இடங்கள்

"நமக்கு என்னய்யா தெரியும், படிச்சவங்க பேசட்டும்." ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் புது ஆலைக்கோ புதுத் தொழில்நுட்பச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் பின்வரிசையில் கேட்கும் பேச்சு இது. இதுதான் முதல் தவறு. பாதிப்பு வரும் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊர்க்காரர் தலையில் இல்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல்தான் வைத்தது. நம்மூர் வழக்கு நாடு முழுக்க மேற்கோளாகிறது, நமக்குத்தான் மறந்துவிடுகிறது.

ஆகவே கேள்வியாகக் கேளுங்கள். "கழிவுநீரே வெளியே வராது" என்பார்கள் நிறுவனத்தார். சவ்வு வடிகட்டியில் தண்ணீர் பிரிந்து, மிச்சம் ஆவியாக்கியில் வற்றி, கடைசியில் கலப்பு உப்பு நிற்கும். அது ஒரு நாளைக்கு எத்தனை டன்? எங்கே அடுக்குவீர்கள்? மழையில் கரையாமல் கூரை உண்டா? கரண்ட் போனால் எத்தனை மணி நேரக் கழிவைத் தொட்டி தாங்கும்?

"தண்ணி கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னால் பதிவில் அரை வரிகூட ஏறாது. சர்வே நம்பர், கிணற்று ஆழம், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த) அளவு, அளந்த தேதி நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிநீரில் டிடிஎஸ்ஸுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. உங்கள் கிணறு அதற்கு எங்கே நிற்கிறது என்று சொன்னால், நிறுவனம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும்.

ஓட்டெடுப்பு என்று நினைத்து லாரியில் ஆள் திரட்டுவதும் வீண். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அங்கே ஓட்டும் இல்லை, குறைந்தபட்ச வருகைக் கணக்கும் இல்லை.

படிக்காமல் போகாதீர்கள். குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரும். மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் ஆபீசிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இருக்கும். நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தாக அனுப்பலாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் பஸ் பிடிக்க ஓடுவதுதான் பெரிய நஷ்டம். கடைசியில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். உங்கள் கேள்வி விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். கலெக்டரோ அவர் சார்பில் வந்தவரோ அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார்.