பள்ளிக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிட மறக்கிறோம்?

அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு கூடும் நாளில் டீ, பிஸ்கட், கையெழுத்து நோட்டு எல்லாம் தயாராக இருக்கும். ஆள்தான் பாதி இருக்காது. “பெற்றோருக்கு அக்கறை இல்லை சார்” என்று கைகழுவுவதுதான் முதல் தவறு. கூட்டம் வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு. களையெடுக்கப் போன அம்மா பாதியில் கிளம்பி வந்தால் அன்றைய கூலி போச்சு. அழைப்பும் வாட்ஸ்அப்பில்தான் போயிருக்கும். அந்த போன் அப்பாவிடம், அப்பா திருப்பூரில்.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் விகிதப்படி இடம் உண்டு. தலைக்கணக்கை எப்படியோ சரிக்கட்டிவிடுகிறார்கள். கோட்டை விடுவது ‘பாதுகாவலர்’ என்ற சொல்லில். பெற்றோர் வெளியூரில் பிழைக்க, பிள்ளையை வளர்ப்பது ஆச்சி. பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டால் ஆச்சி அதில் வரவே மாட்டார். ‘காலையில் உன்னைக் கிளப்பி அனுப்புவது யார்?’ என்று பிள்ளையிடம் கேட்டுப் பட்டியல் போடுங்கள்.

அடுத்தது, பள்ளிக்குள்ளேயே இருப்பவர்களை மறப்பது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். எந்தப் பிள்ளை உப்புமாவைத் தொடுவதில்லை, எது இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. (முந்தின ராத்திரி வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும்.) மாணவிகள் கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தொட்டித் தண்ணீர் எத்தனை மணிக்குத் தீர்கிறது என்பது தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். இவர்களைக் கேட்காமல்தான் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்கத் தீர்மானம் போடுகிறோம்.

கூப்பிட்டுக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, தலைமையாசிரியர் முன்னால் “ஏதாச்சும் சொல்றீங்களாம்மா?” என்று கேட்பதும் வீண். “ஒண்ணும் இல்லீங்க சார்” என்பார்கள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவுகிற குழாயடியில் போய் நின்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பார்கள். கேட்டதை அவர்கள் பெயரை இழுக்காமல் தீர்மானத்தில் ஏற்றுங்கள். என்ன ஆச்சு என்று திரும்பிப்போய்ச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள்.

வராதவர் கையெழுத்துக்கு நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். நோட்டுக்குப் பதிலாக ஒரு ஆள் போய்த் திண்ணையில் பத்து நிமிஷம் உட்காரட்டும்.