கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் இலையைத் தொட்டுப் பாருங்கள்

கற்பூரவல்லியை ஒரு குச்சி ஒடித்து நட்டால் போதும், தானாக வந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நன்றாகத் தழைத்த செடி திடீரென்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டதே என்று வருந்துகிறவர்களும் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: துளசிக்கு ஊற்றுவதுபோல இதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான், குணம் வேறு.

ஒரு இலையை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வெல்வெட் மாதிரி மேல்தோல், உள்ளே தடித்த சதை. அந்தச் சதை முழுக்கத் தண்ணீர். செடி தனக்கு வேண்டியதை இலையிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. இலை விறைப்பாக இருக்கும்வரை அதற்கு உங்கள் தண்ணீர் வேண்டாம். இலை சற்றுத் தளர்ந்து, மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டும் ஈரம் தட்டவில்லை என்றால், தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். அப்புறம் மண் மறுபடி காயும்வரை அதை விட்டுவிடுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேர் அழுகினாலும் இலை வாடும். செத்த வேரால் ஈரமண்ணிலிருந்துகூடத் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நாமோ தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். நான் ஒரு பெரிய செடியை இப்படித்தான் பறிகொடுத்தேன். மண் ஈரமாக இருந்தும் இலை வாடியிருந்தால் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். மண்ணையொட்டிய தண்டு கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம். கறுப்பு ஏறாத மேல்பகுதியில் நான்கைந்து அங்குல நீளத்துக்குக் குச்சிகள் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும்படி சில மணி நேரம் நிழலில் வையுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வேர் விட்டுவிடும். பழைய மண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

களிமண்ணும், தண்ணீர் தேங்கும் அடித்தட்டும், செடிக்குப் பொருந்தாத பெரிய தொட்டியும் இதே அழுகலுக்குத்தான் வழி வைக்கும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. முழு நிழலில் வைத்தால் கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, செடி மெலிந்து படுத்துவிடும். உச்சி வெயிலிலேயே நாள் முழுவதும் நின்றால் இலை சிறுத்து மஞ்சளாகும், ஓரம் சுருண்டுகொள்ளும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கிற இடம் இருந்தால் அதுவே போதும். உறைபனி இதற்கு ஆகாது. கடுங்குளிர் வரும் ஊர்களில் குளிர்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

பறிக்கத் தயங்குவதும் தவறுதான். அடியிலுள்ள இலைகளை மட்டும் பறித்தால் செடி மொட்டைத் தண்டாக நீளும். நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு கிளைகள் வரும், செடி புதராகும்.

உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அவ்வப்போது ஒரு கைப்பிடி மட்கிய தொழுவுரம் போதும். ஓமவல்லி என்று இதற்கு இன்னொரு பெயர் வரக் காரணம், ஓமத்தில் உள்ள தைமால், கார்வக்ரால் போன்ற எண்ணெய்ச் சத்துகள் இதிலும் இருப்பதுதான். தழைச்சத்து அதிகமானால் இலை பெருக்குமே தவிர, அந்த வாசம் குறைந்துபோகும்.

இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஆரம்பத்திலேயே ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். சாப்பிடுகிற இலை இது, கடைப் பூச்சிமருந்தை இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தாலும் சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிய பிறகே பறித்துப் பயன்படுத்துங்கள்.

சளிக்கு நல்லது என்ற நம்பிக்கையில் கைக்குழந்தைக்கு இதன் சாற்றை நீங்களாகக் கொடுத்துவிட வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். நாயோ பூனையோ வளர்க்கிறீர்கள் என்றால் தொட்டியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு மருந்தாகும் அதே எண்ணெய் அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.