லேசான எம்.எஸ்.: கால் நன்றாக நடக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாதவை

"நல்லாத்தானே நடக்கிறீங்க, அப்புறம் என்ன?" மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் அடிக்கடி கேட்டுச் சலித்துப்போன பேச்சு இது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. டாக்டர்களே இந்த நோயின் தீவிரத்தைப் பெரிதும் நடையை வைத்துத்தான் அளக்கிறார்கள். நரம்பியல் டாக்டர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட, நோயின் பாதிப்பை அளக்கும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல் 0 முதல் 10 வரை போகும்; எண் கூடக் கூடப் பாதிப்பும் அதிகம். 4க்கு மேலே போனால் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதே. யோசிக்கும் வேகத்துக்கு அதில் மிகக் குறைந்த இடம்தான். ஆகவே 2 என்றோ 3 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நினைவிலோ கவனத்திலோ யோசிக்கும் வேகத்திலோ ஏதாவது மாற்றம் வருகிறது. காலில் ஒரு குறையும் தெரியாத கட்டத்திலேயே வரலாம். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமாவதால் செய்தி போய்ச் சேரத் தாமதமாகிறது. அதனால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வேகம்தான். ஆபீஸ் மீட்டிங்கில் நான்கு பேர் மாறி மாறிப் பேசும்போது, முதலாமவர் சொன்னதை எம்.எஸ். உள்ளவர் புரிந்துகொண்டு பதிலை யோசிப்பதற்குள் பேச்சு மூன்றாமவரிடம் போய்விடும். அதே விஷயத்தை மெயிலில் கொடுத்தால் தெளிவாகப் பதில் எழுதிவிடுவார். இதை மறதி, டென்ஷன், அக்கறையின்மை என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். பிரெஞ்சு நரம்பியல் டாக்டர் ஷார்க்கோ 1868இல் இந்த நோயை விவரித்தபோதே நினைவு பலவீனமாவதையும் எண்ணம் மெதுவாவதையும் குறித்திருந்தார்.

யோசிக்கும் வேகத்தை அளக்க எஸ்.டி.எம்.டி. என்று ஒரு சோதனை உண்டு. குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 விநாடிக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். பிரச்சினை முற்றிய பிறகு எடுத்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட எதுவும் இருக்காது. நோய் தெரிந்த புதிதிலேயே கேட்டு எடுத்துவிட்டு, வருஷம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் உடனே மூளைத் தழும்பின் (மயலின் சேதமான இடத்தின்) மேல் பழி போடுவதும் சரியில்லை. தூக்கக்குறைவு, மனச்சோர்வு, சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாமே மூளையை மந்தமாக்கும். இவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உடம்பு விஷயத்தில் சூடு பலரைக் குழப்புகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினால்கூடச் சிலருக்குப் பார்வை மங்கும், கால் கனக்கும். உடம்பு குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். இது உஹ்தோஃப் விளைவு. புதிய சேதம் அல்ல. இதற்குப் பயந்து உடற்பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். குளிர்ந்த நேரத்தில், நடுநடுவே ஓய்வெடுத்துச் செய்தால் போதும். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், ஒரு புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

டாக்டர் அறையில் பத்தடி நடந்து காட்டிவிட்டு வருவதும் தவறுதான். அரை மணி நேர நடைக்குப் பிறகு பாதம் தரையில் இழுபடுகிறதா, பேசிக்கொண்டே நடந்தால் வேகம் குறைகிறதா, அதைச் சொல்லுங்கள். வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

வருஷக்கணக்கில் புதிய அறிகுறி ஒன்றும் வரவில்லையே என்று மருந்தை நிறுத்துபவர்களும் உண்டு. வெளியே எதுவும் தெரியாமலேயே எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்புகள் தென்படலாம். ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்ததும் உண்டு.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. சோர்வைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு இது. பதில் வரத் தாமதமானால் வாக்கியத்தை நீங்களே முடித்துவைக்க வேண்டாம். முக்கியமான பேச்சு என்றால் டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசுங்கள்.